ரோஜாக் கொண்டையும் ஒற்றைக் கொண்டையும்

பதினோரு முட்டைகளை அடை வைத்திருந்தேன். ஏழாம் நாள் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சின் முகத்தில் அட்டைச் சுருள் ஒன்றைப் பொருத்தி, முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கரு கூடிய முட்டை என்றால் உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தியின் கால்களைப் போல விரிந்து தெரியும். ஏழு முட்டைகளைப் பார்த்து முடித்திருந்தேன். ஏழும் தெளிந்த மஞ்சளாக, வெறும் மஞ்சளாக இருந்தன.

வெளியிலிருந்து என் மனைவி கதவைத் தட்டினாள்.

"ஏங்க, வெளிய வர்றீங்களா? குளிச்சிட்டு நான் சர்ச்சுக்குப் போவணும்."

"இன்னும் நாலு பாக்கணும்."

"ஏழு பாத்தீங்கல்ல? அதுல இன்னா தெரிஞ்சுதோ அதான் இதுலயும் தெரியும். வாங்க."

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்கையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பார்க்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடப் போகிறார்கள், இல்லை, மூட மாட்டார்கள் என்று ஆண்டர்சன்பேட்டை டீக்கடைகளில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்த காலம். நான் சர்வே ஆபீஸில் வரைபடம் போடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பூமிக்கு அடியில் எந்த லெவலில் எத்தனை அடி குடைந்திருக்கிறார்கள் என்று முப்பது வருஷத்துக்கு மேல் கோடு போட்டவன் நான். எனக்கு எண்ணாமல் இருக்க வராது. படி ஏறினால் எண்ணுவேன், பாதிரியார் பிரசங்கத்தில் எத்தனை முறை "ஆகவே" என்று சொன்னார் என்பதையும் எண்ணுவேன். அந்த வருஷங்களில் என்னிடம் எண்ணுவதற்கு இருந்தவை ஒரு சேவலும் மூன்று கோழிகளும்தான். அந்த மூன்றில் ஒன்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டது.

அவை சாதாரணக் கோழிகள் அல்ல. நான் வேலையில் சேர்ந்த சில வருஷங்களில், பங்களாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன ஜாதி. வயன்டாட் என்று பெயர். வெள்ளை இறகு ஒவ்வொன்றின் ஓரத்திலும் இந்திய மையில் கோடு இழுத்ததுபோலக் கறுப்பு விளிம்பு இருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. முதல் வாரத்திலேயே அது "வாயாடி" ஆகிவிட்டது. என் வீட்டுக்கும் வாயாடிக் கோழிக்காரர் வீடு என்றே பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் வழி கேட்டு வருவார்.

அந்த அதிகாரி எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு விதி. இந்த ஜாதிக்குக் கொண்டை ரோஜாவைப் போலத் தலையோடு படிந்திருக்க வேண்டும். மேலே சின்னச் சின்ன மணிகள் நெருங்கி இருக்க வேண்டும். பின்னால் ஒரு முனை கழுத்தின் வளைவோடு இறங்க வேண்டும். ஆனால் எவ்வளவு சுத்தமான ஜோடியிலும் அவ்வப்போது ஒரு குஞ்சு நாட்டுக்கோழி மாதிரி நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். அதை வளர்க்கலாம், சாப்பிடலாம், இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடக்கூடாது. கோடு பிசகிய தாளைக் கிழித்துப்போட்டுப் பழகிய எனக்கு இதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கிழித்துப்போடவும் ஒரு நல்ல இடம் கிடைத்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். வயல் இல்லாத ஊரில் அறுப்பு ஏது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்கள் ஜெபப் புத்தகத்தோடு இந்தப் பண்டிகையையும் கொண்டுவந்துவிட்டார்கள். அவரவரால் முடிந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம்: பூசணி, கேழ்வரகு, தேங்காய், ஸ்வெட்டர், கேக், கோழி. ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே ஏலம். நான் வருஷா வருஷம் ஒற்றைக் கொண்டைகளைக் குளிப்பாட்டி, காலில் ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் வைப்பேன். ஒரு வருஷம் ஒன்பது கொண்டுபோனேன்.

ஏலம் போடுகிறவர் என் பக்கத்து வீட்டுக்காரர். சுரங்கக் குழியில் ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"சர்வே ஆபீஸ் சேவலு! உடம்பு இங்கிலீஷு, கொண்டை மட்டும் நம்ம பக்கத்து ஊரு பேத்தமங்களா! கொண்டை கோணலுன்னு பாக்காதீங்கம்மா, கொழம்புல போட்டா ஒண்ணும் தெரியாது!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வருஷம் போகப்போக ஒன்பது ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, ஒன்றானது. அதன் பிறகு ஒற்றைக் கொண்டை பிறக்கவே இல்லை. நான்கு பண்டிகைகளாக நான் தேங்காய்தான் கொண்டுபோனேன். "இன்னா சார், தேங்காய்க்கும் ரிப்பனா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. பிழை முழுவதும் வடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதே நான்கு வருஷங்களில்தான் முட்டைகள் கரு கூடாமல் போகத் தொடங்கின. முன்பெல்லாம் பன்னிரண்டு வைத்தால் ஒன்பது பொரிக்கும், பத்தும் பொரிக்கும். அது ஆறாகி மூன்றாகிக் கடைசியில் இந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இல்லை என்றாகிவிட்டது. தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றில் வரும் மண்ணைச் சந்தேகப்பட்டேன். தீவனக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றினேன். முளைகட்டிய கேழ்வரகு கொடுத்தேன், பூண்டு கொடுத்தேன். பின்பக்கத்து மென்இறகு அடர்த்தியாக இருந்தால் சேவலின் வித்து உள்ளே சேராது என்று எங்கோ படித்த ஞாபகத்தில், என் மனைவியின் தையல் கத்தரியால் மூன்று கோழிகளுக்கும் அங்கே முடி வெட்டினேன். அதற்காக அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கத்தரியை வெந்நீரில் மூன்று முறை கழுவினாள்.

சேவல்மீது குறை சொல்ல வழியில்லை. வளர்த்ததிலேயே அழகான சேவல் அது. கொண்டை செதுக்கி வைத்ததுபோல இருக்கும். அதன்மேல் உள்ள மணிகளை எண்ணிப் பார்ப்பேன். நாற்பதைத் தாண்டும்போது தலையை ஆட்டிவிடும். ஒரு நாளும் முழுக் கணக்கு வந்ததில்லை. கோழிகளை மிதிப்பதிலும் சோம்பல் கிடையாது. மதில்மேல் கைவைத்து நின்று பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பார்.

"டெய்லி மூணு ஷிப்டு எறங்குது சார் அது. லீவே போடறதில்ல. ஆனா மேல வர்றது எல்லாம் வெறுங்கல்லு. நம்ம மைன்ஸ் மாதிரியே."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"நான் சும்மாதான் சார் கீறேன். அதான் சும்மா இல்ல."

வேறு எதுவும் தோன்றாமல் சேவலை ஒரு கூடையில் வைத்து, மேலே பழைய புடவையைக் கட்டி, பஸ் ஏறிக் கோலாருக்குக் கொண்டுபோனேன். அங்கே கால்நடை மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேச முயன்றார். சேவலைத் தூக்கி எடை பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், கொண்டையைத் தடவினார்.

"ரொம்ப சென்னாகி, நல்லா இருக்கு சார். இந்த மாதிரி கொண்டை நான் புக்குலதான் பாத்திருக்கேன். சிங்கிள் கொண்டை மரி வருதா? குஞ்சு?"

"வராது. நாலு வருஷமா ஒண்ணுகூட இல்ல," என்றேன். அந்தப் பதிலுக்குப் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஹௌதா? அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அதான் சார் ப்ராப்ளம்."

தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் ரோஜாக் கொண்டையை வாங்கிக்கொண்டு பிறக்கிற சேவலுக்கு வித்தில் வீரியம் குறைவு என்றார் அவர். ஒரு பக்கத்தில் ஒற்றைக் கொண்டையின் ரத்தம் இருந்தால் குறை வராது. கோழிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, சேவல்களுக்கு மட்டும்தான். நான் ஏலத்துக்கு அனுப்பியவை போகப்போக, மிஞ்சியவை எல்லாம் இரண்டு பக்கமும் ரோஜாவாக ஆகிவிட்டன. மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். "அதே ஜாதில ஒரு சிங்கிள் கொண்டை சேவல் இருந்தா கோழிகளோட விடுங்க. பொறக்கறது ரோஸ் கொண்டையாவே வரும், ஆனா வித்து கெட்டுப்போகாது."

"அதெல்லாம் சர்ச்சுக்குக் குடுத்துட்டேம்மா."

"அப்போ சர்ச்சுல கேளுங்க சார்," என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் கன்றுக்குட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

சர்ச்சில் கேட்டேன். ஏலத்தில் எடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். போகிற வீட்டில் எல்லாம் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, மரியாதையாகவே பேசினார்கள்.

"உங்க சேவலா சார்? அந்த கிறிஸ்மஸுக்கே முடிஞ்சுபோச்சே. இன்னா ருசி! எங்க மருமவன் இன்னும் சொல்லிக்கினே இருக்காரு."

"எங்களுது ரெண்டு கிலோ நின்னுது சார். எலும்பே தெரியல."

பதினாறு வீடு ஏறினேன். பதினேழாவது, சுரங்க லைன் வீடுகளின் கடைசி வரிசையில், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த ஒரு விதவை அம்மாளின் வீடு. என்னைவிட நான்கைந்து வயது இளையவர். நான் கடைசியாக ஏலத்துக்குக் கொடுத்த அந்த ஒன்றே ஒன்றை எடுத்தவர் இவர்தான். மருமகன் விருந்துக்கு வருவார் என்று எடுத்திருக்கிறார். மருமகன் அந்த வருஷமும் வரவில்லை, அதற்கு அடுத்த வருஷங்களிலும் வரவில்லை. சேவல் உயிரோடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சாம்பல் குழியில் படுத்துக் குளித்துக்கொண்டிருந்தது. இறகுக்கு இறகு கறுப்புக் கோடு. தலையில் சிவப்பாக, நிமிர்ந்து, ஆறு பல்லோடு ஒற்றைக் கொண்டை.

ஆறு பல்லையும் மறுபடி எண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மாற்றுக் கோழி வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன்.

அந்த அம்மாள் சேவலுக்கு ஒரு கை கேழ்வரகு போட்டார். பிறகு, "சார், நீங்க தப்பா நெனச்சுக்கக்கூடாது," என்றார். "நீங்க ஆண்டவருக்குன்னு குடுத்தது. நான் ஆண்டவருகிட்ட இருந்து எடுத்தது. அத்த நானே உங்க கையில திருப்பிக் குடுத்தா, குடுத்த காணிக்கைய நீங்க திரும்ப வாங்கின மாதிரி ஆயிடும். எனக்கும் பாவம், உங்களுக்கும் பாவம்."

"ஒரு வாரம் மட்டும்..."

"ஒரு வாரமும் வாங்கறதுதானே சார்?"

என் மனைவியிடம் சொன்னபோது அவள் அந்த அம்மாள் பக்கம்தான் பேசினாள். "அவங்க சொல்றதுல இன்னா தப்பு? ஆண்டவருக்கே நொட்டையானதப் பாத்து எடுத்துக் குடுத்தது நீங்கதானே?"

நான்கு நாள் கழித்து அந்த அம்மாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் பெங்களூருக்குக் கூப்பிடுகிறாள், பண்டிகை முடிந்ததும் போகப் போகிறேன், சேவலை அங்கே வைத்துக்கொள்ள இடமில்லை என்றார். "அதனால அத்த மறுபடி பண்டிகைக்கே குடுத்துடறேன் சார். நீங்க ஏலத்துல எடுத்துக்குங்க. அப்ப யாருக்கும் பாவமில்ல." இந்த யோசனை பாதிரியார் சொன்னதா அவரே கண்டுபிடித்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் கூப்பினேன்.

பண்டிகை வந்தது. பூசணிக்கும் கேக்குக்கும் பிறகு சேவல் வந்தது. காலில் மஞ்சள் ரிப்பன். பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். சேவலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து ஆரம்பித்தார். நான் கேட்டேன். உடனே வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கூட்டிக் கேட்டது. பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற இளைஞன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த முதல் குழந்தைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஆண்டவருக்கு நன்றியாக இந்த வருஷம் எவ்வளவு ஆனாலும் ஒரு பொருளை எடுத்தே தீருவேன் என்று பொருத்தனை செய்திருந்தானாம். எனக்கு அது அப்போது தெரியாது. நான் கூட்டினால் அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கூட்டினான். கூட்டம் கைதட்டியது. நான் விளையாட்டுக்கு ஏற்றிவிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். என் ஓய்வூதியத்தில் அதற்குமேல் வார்த்தை இல்லை.

"ஒரு தரம்!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு தரம்... சார், இன்னா சார்? வாயாடிக் கோழி வளக்கறவருக்கு வாயே வரலியே! கேளுங்க சார்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சேவலைக் கைமாற்றிப் பிடித்து, ரிப்பனைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தார். நான் தலையை ஆட்டினேன். மூன்றாம் தரத்தை மெதுவாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அந்த இளைஞன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சேவலைக் கட்டியிருந்தார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிரியாணி, அதற்காகத்தான் இது என்றான். நான் வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

"இதுக்குப் பதிலா என் சேவலை எடுத்துக்க தம்பி. இதைவிடக் கனம். வயசும் கம்மி. கறி மெதுவா இருக்கும்."

"ஏன் தாத்தா? அது உங்க உயிராச்சே. தெருவெல்லாம் சொல்றாங்க."

"அதான் தரேன்னு சொல்றேன்ல."

அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தார். "டேய், பெரியவரு கேக்கறாரு. பொருத்தனைக் காசு ஆண்டவருக்குப் போய்ச் சேந்துருச்சு. பானையில எந்தச் சேவலு வெந்தா இன்னா? வாங்கிக்கோ."

சனிக்கிழமை காலையில் என் சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியெல்லாம் என் கைக்குள் அமைதியாக இருந்தது. ஆட்கள் தூக்குவது அதற்குப் பழக்கம். இளைஞனின் அம்மா வாங்கி, மார்பை அழுத்திப் பார்த்து, "நல்லா வளத்திருக்கீங்கண்ணா" என்றார். கடைசியாக ஒருமுறை மணிகளை எண்ணலாம் என்று தோன்றியது. அவர் அதற்குள் சேவலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பிரியாணி வந்தது. அழைப்பு இருந்தும் நாங்கள் போகவில்லை, அதனால் கொடுத்தனுப்பிவிட்டார்கள். என் மனைவி இரண்டு தட்டில் போட்டு வைத்தாள். ஜெபம் செய்தாள். குழந்தைக்காகச் செய்த ஜெபம் அது, நீளமாகவே செய்தாள். ஞானஸ்நான வீட்டுச் சோற்றை ஒதுக்கக் கூடாது என்பதால் சோற்றை மட்டும் சாப்பிட்டேன். துண்டுகளை அவள் சத்தமில்லாமல் எடுத்து மூடி வைத்தாள். யாருக்குக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஒற்றைக் கொண்டைச் சேவல் வந்தாலும் முட்டை வரவில்லை. அது கோழிகள் இறகு உதிர்க்கும் காலம். முட்டையிட்டுவந்த கோழிகள் இரண்டும் கழுத்து மொட்டையாகி, வால் இல்லாமல், சேவல் கிட்டே வந்தாலே மூலைக்கு ஓடின. நான் மூன்று வேளையும் கூட்டைப் போய்ப் பார்த்தேன். பார்ப்பதைத் தவிர அதில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கிறிஸ்துமஸ் போய், புது வருஷம் பிறந்து, தைக் குளிரில் ஒரு கோழி மட்டும் முட்டையிட ஆரம்பித்தது. இன்னொன்று இடவே இல்லை. ஒரு காலையில் கூட்டில் செத்துக் கிடந்தது. ஆறு முட்டை சேர்ந்ததும் அடை வைத்தேன். இரண்டில் நரம்பு ஓடியது. இரண்டும் பொரித்தன. ஒன்று மூன்றாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் விறைத்துக் கிடந்தது.

ஏலத்தில் வந்த சேவலுக்கு வயதாகிவிட்டது; மிஞ்சிய ஒன்று சேவலாக இருக்க வேண்டும். இரண்டு ரத்தமும் உள்ள ஒரு சேவல் இருந்தால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குஞ்சைத் தூக்காத நாள் இல்லை. கொண்டை படிந்துதான் வந்தது, டாக்டர் சொன்னபடியே. கால் தடித்திருக்கிறதா, நடையில் மிடுக்கு இருக்கிறதா, தலை சிவக்கிறதா? ஒரு நாள் சிவந்ததுபோல இருக்கும், மறுநாள் இருக்காது. என் மனைவி அதை ஆரம்பத்திலிருந்தே "அடியே" என்றுதான் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிடாதே என்று நான் அவளிடம் சண்டை போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் மதில் வழியாகக் கேட்பார். "இன்னா சார், பையனா பொண்ணா?"

"இன்னும் தெரியல."

"என் கண்ணுக்குத் தெரியுதே."

"உங்க கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம்கூட ஆவல."

சுரங்கத்தின் கடைசி ஷிஃப்ட் இறங்கி ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்ன வாரத்தில், அவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து மதில்மேல் கைவைத்து நின்றார். கேள்வி கேட்கவில்லை. குஞ்சு, இப்போது குஞ்சு அல்ல, என் காலடியில் கீரைத்தண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. இறகில் கறுப்புக் கோடுகள் முழுதாக வந்திருந்தன. அவ்வளவு சுத்தமான கோடு அதன் அம்மாவுக்குக்கூடக் கிடையாது. பின்கழுத்தில் இறகுகள் உருண்டையாக, கூர்மை இல்லாமல் இருந்தன. சேவலுக்கு அப்படி இருக்காது. மூன்று வாரமாகவே அப்படித்தான் இருந்தன.

"பெட்டைதான்," என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார்.

"சரி விடுங்க சார்," என்றார் கடைசியில். "முட்டையாவது போடும்."